மருந்தும் அது செல்லும் வழியும்

2021ஆம் ஆண்டின் கோடைக்காலத்தை நம் குடும்பங்கள் எளிதில் மறந்துவிட முடியாது. கொரோனாவின் இரண்டாம் அலையிலிருந்து பிழைத்தெழுந்தவர்களுள் சிலரைக் கருப்புப் பூஞ்சை நோய் பற்றிக்கொண்டது. சர்க்கரை நோயாளிகளே பெரிதும் அதற்கு இலக்காயினர். 'ஆம்போடெரிசின்-பி' என்னும் ஊசி மருந்தைத் தேடி நாடெங்கும் உறவினர்கள் அலைந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் அம்மருந்தின் மீதான ஜி.எஸ்.டி. வரியே நீக்கப்பட்டது.

இதில் வியப்பு என்னவெனில், அம்மருந்து புதியதன்று, 1950களிலேயே கண்டறியப்பட்டது. மருத்துவர்கள் பெரிதும் பரிந்துரைத்ததோ 'லிப்போசோமல்' என்னும் அதன் பிற்கால வடிவத்தை. மருந்து ஒன்றே, அது உடலுக்குள் பயணம் செய்யும் வாகனம்தான் வேறு. அந்த வேறுபாட்டில் நம் வீட்டு மாத்திரைப் பெட்டிக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கொழுப்புக் குமிழியின் விந்தை

ஆம்போடெரிசின், பூஞ்சை உயிரணுவின் சவ்வில் துளையிட்டு அதனைக் கொல்கிறது. நம் உயிரணுக்களின் சவ்வும் ஓரளவு அதனை ஒத்திருப்பதால், நம்மையும் அது விட்டுவைப்பதில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், எல்லாவற்றினும் மேலாகச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை பழைய மருந்தின் விளைவுகள்.

1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்னும் அறிஞர், முட்டைக் கருவிலிருந்து எடுக்கப்படும் ஒருவகைக் கொழுப்பு நீரில் கலந்ததும் தானாகவே நுண்குமிழிகளாகத் திரள்வதைக் கண்டார். இக்குமிழியே லிப்போசோம். ஆம்போடெரிசினை இதனுள் ஏற்றி அனுப்பியபோது சிறுநீரகத்திற்கு நேரும் தீங்கு வெகுவாகக் குறைந்தது.

இத்துறையில் நம் நாட்டவர் பங்கும் சிறிதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வை வளர்த்த பிமல் குமார் பச்சாவத், பின்னர் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் லிப்போசோம் ஆய்வை வழிநடத்தினார். அவ்வாய்வும், மும்பை கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர்களின் சோதனைகளும் சேர்ந்து, இம்மருந்தை இந்தியாவிலேயே தயாரிக்க வழிவகுத்தன.

பீகாரில் ஏழைகளை வாட்டிய 'காலா அசார்' நோயில் இதன் சிறப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மணல் ஈயால் பரவும் அந்நோயின் கிருமி, நம் உடலைக் காக்கும் விழுங்கணுக்களுக்கு உள்ளேயே மறைந்து வாழ்கிறது. கொழுப்புக் குமிழியையும் அந்த அணுக்களே அந்நியப் பொருளெனக் கருதி விழுங்குகின்றன. எனவே, கள்வன் ஒளிந்திருக்கும் அறைக்கே மருந்து சென்று சேர்கிறது! டாக்டர் ஷியாம் சுந்தர் குழுவினர் முசாபர்பூரில் நடத்திய ஆய்வின் முடிவு 2010இல் வெளியாயிற்று. பழைய மருந்தை ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் 15 முறை ஏற்றிப் பெற்ற பலனை, புதிய வடிவம் ஒரே முறையில் தந்தது. இரு வகையிலும் நூற்றுக்கு 96 பேர் அளவில் குணமடைந்தனர்.

சொட்டு நீரும் மாத்திரையும்

மருந்தைப் போலவே அதன் உறையும் முக்கியம் என்பதற்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொங்கு நாட்டு விவசாயி நன்கறிந்த செய்தி இது. வாய்க்காலில் மடையைத் திறந்துவிட்டால் தோப்பு ஒரே நாளில் நனைந்து, பின்பு காய்கிறது. சொட்டு நீர்ப் பாசனமோ வேருக்கு வேண்டியதை அளவாகத் தருகிறது. சாதாரண மாத்திரை முதல் வகை; பெயருக்குப் பின் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று குறித்த மாத்திரைகள் இரண்டாம் வகை. அவை 12 மணி முதல் 24 மணி நேரம் வரை சிறிது சிறிதாக மருந்தை விடுவிக்கின்றன. வேறு சில மாத்திரைகளுக்கு, வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் உறை இடப்படுகிறது.

விழுங்கச் சிரமப்படும் முதியோருக்கு இத்தகைய மாத்திரையை அம்மியில் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது அன்பினால் செய்யும் ஆபத்து. நாள் முழுமைக்கும் உரிய மருந்து ஒரே வேளையில் இரத்தத்தில் பாய்ந்தால், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ அளவுக்கு மீறி இறங்கக்கூடும். பொடிக்கவோ உடைக்கவோ தேவை ஏற்படின், திரவ மருந்தோ சாதாரண மாத்திரையோ மாற்றித் தருமாறு மருத்துவரைக் கேட்பதே முறை. மெட்ஃபார்மின் எஸ்.ஆர். உண்பவரின் மலத்தில் சிலபோது முழு மாத்திரை போன்ற ஒன்று தென்படும். அஞ்ச வேண்டாம், மருந்து இறங்கியபின் எஞ்சிய வெற்றுக்கூடே அது.

நோன்பு காலத்தில்

ரமலானில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் இஃப்தாரில் ஒன்றாக விழுங்குவதும், ஸஹருக்கென்று தாமே அளவை மாற்றுவதும் கூடா. நோன்புக்கு ஓரிரு மாதம் முன்னரே மருத்துவரிடம் சென்றால், நேரத்திற்கேற்ற வடிவத்தை அவர் தேர்ந்து தருவார்.

தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, நெஞ்சுவலிக்கு நாவின்கீழ் வைக்கும் மாத்திரை, ஊட்டச்சத்தல்லாத ஊசி ஆகியவை நோன்பை முறிப்பதில்லை என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. நாவின்கீழ் வைக்கும் மாத்திரையில் கரைந்ததை விழுங்காதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மத்ஹபுக்கேற்ப நுணுக்கங்கள் உண்டாதலால் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. எனினும், நெஞ்சுவலி வந்துவிட்டால் தீர்ப்புக்காகக் காத்திராமல் உடனே மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்த மார்க்கமே சலுகை அளித்துள்ளது.

இன்றே வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எடுத்து, பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். ஐயமிருப்பின், அடுத்த வேளைக்கு முன் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.