டிராம் வண்டியும் தொலைக்காட்சியும்

லண்டன் மாநகரின் வடபாகத்தில் குன்றொன்றின் மீது நிற்கும் அலெக்ஸாண்டிரா மாளிகையிலிருந்து 1936 நவம்பர் 2-ஆம் தேதி பி.பி.சி. ஸ்தாபனத்தார் தொலைக்காட்சி ஒளிபரப்பை முறையாக ஆரம்பித்தபோது, அக்குன்றின் சரிவுகளில் டிராம் வண்டிகள் பிரயாணிகளைச் சுமந்து ஏறியிறங்கிக்கொண்டிருந்தன. 1938-இல்தான் அந்தத் தடம் நின்றுபோயிற்று.

அக்காலத்துக் காமிராவின் அந்தரங்கம் விசித்திரமானது. வெளிச்சம் பட்டால் மின்னேற்றம் கொள்ளும் வெள்ளித் துகள்கள் எண்ணற்றுப் பதிந்த அபிரகத் தகட்டின் மீது வெளிக்காட்சியின் பிம்பம் லென்ஸ் வழியே விழ, எலெக்ட்ரான் கதிரொன்று, ஒரு சால் விட்டு ஒரு சால் உழுதுவிட்டு மறுபடி வந்து விட்ட சால்களை உழும் உழவனைப் போல, அத்தகட்டை 405 வரிகளாக வருடி, விநாடிக்கு 25 முழுப் படங்களை மின்குறிகளாக்கி அனுப்பும். அனுப்பிய க்ஷணத்தோடு சரி. யுத்தத்துக்கு முன்னர் நேரடி ஒளிபரப்பைப் பதிந்துவைக்கும் ஏற்பாடு இல்லாமையால், அன்று திரையில் ஓடிய வாகனம் எதுவாயினும், பார்த்தவர் ஞாபகத்தைத் தவிர அதற்கு வேறு புகலிடம் கிடையாது.

டிராமோ திரைக்கு வரக் காமிராவின் தயவை எதிர்பார்க்கவில்லை! அதன் மோட்டாரில் கரித்துண்டுகள் உராயும் இடத்தில் தெறிக்கும் தீப்பொறி ரேடியோ அலைகளையும் எழுப்பக்கூடியது. அன்றைய பிரிட்டிஷ் முறையில் குறி வலுத்தால் திரை வெளுக்கும் ஆதலால், அத்தகைய அலைகள் வெண்புள்ளிகளாகச் சிதறும். மோட்டார் கார்களும் இக்குற்றத்தில் பங்காளிகளே, பெரும்பங்கு அவற்றுடையதுதான்.

அந்த மோட்டாருக்கு மின்சாரம் தர, லண்டன் நகரின் மத்திய பாகத்தில் மேலே கம்பி இருக்கவில்லை. தண்டவாளங்களின் நடுவே தெருவைப் பிளந்து செல்லும் இடுக்கு வழியாக, நிலத்தடியிலிருந்து மின்சாரம் பெற்று வண்டிகள் ஓடின. நம் சென்னை டிராமும் 1895-இல் இவ்விதமே தொடங்கி, மழைவெள்ளத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மேல்கம்பிக்கு மாறியது.

லண்டனின் பழைய டிராம்கள் 1952 ஜூலை 5-ஆம் தேதி இரவோடு ஓய்ந்தன. அதுவரை அவை ஓடிய தேம்ஸ் நதிக்கரைச் சாலை வழியாகத்தான், பதினொரு மாதம் கழித்து, 1953 ஜூன் 2 அன்று எலிஸபெத் ராணியின் முடிசூட்டு ஊர்வலம் சென்றது. இரண்டு கோடி ஜனங்கள் தொலைக்காட்சியில் கண்ட அந்த ஒளிபரப்பு பிலிமில் பதிவாகி இன்றளவும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.