காலுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு பெட்டி

கொல்கத்தா, பார்க் சர்க்கஸ் ஏழு முனைச் சந்திப்பு. சிவப்பு விளக்கில் இரண்டு வாகனங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, நகரத்தில் எஞ்சியிருக்கும் மஞ்சள் அம்பாசடர் டாக்சிகளில் ஒன்று. பெயின்ட் உதிர்ந்து, கதவு சரியாக மூடாமல், ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. மற்றது ஷோரூம் வாசனை இன்னும் போகாத ஆட்டோமேட்டிக் கார். பச்சை விழுந்ததும் டாக்சி ஒரு உறுமலோடு முன்னால் நகர்கிறது. புதுக் கார் ஒரு கணம் யோசிக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோரிக்‌ஷா மூக்கை நுழைத்துவிடுகிறது. பின்னாலிருந்து ஹாரன் சத்தம்.

பல லட்சம் கொடுத்து வாங்கிய கார், பழைய டாக்சியைவிட மந்தமாகக் கிளம்புவதை எந்த உரிமையாளரும் ரசிப்பதில்லை. அவரைக் குறிவைத்துத்தான் ஒரு சின்னப் பெட்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. த்ராட்டில் கன்ட்ரோலர் என்று பெயர். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. பெடல்பாக்ஸ், பெடல் கமாண்டர், ஸ்பிரின்ட் பூஸ்டர் என்று வெளிநாட்டுப் பெயர்களிலும் கிடைக்கிறது, பெயர் தெரியாத மலிவுச் சரக்காகவும் கிடைக்கிறது. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி இருபதாயிரத்தைத் தாண்டியும் போகிறது. மாட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். மாட்டியதும் கார் துள்ளுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கார் மேம்பட்டதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேட அந்தப் பழைய டாக்சியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி மாவட்டத்தின் உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை அம்பாசடர் தயாரானது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவி. பெட்ரோல் அம்பாசடரில் ஆக்ஸிலரேட்டர் பெடலை மிதித்தால், அதனுடன் இணைந்த கம்பி கார்புரேட்டரில் இருக்கும் வட்டத் தகட்டைத் திருப்பும். கால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தகடு திறக்கும். டீசல் டாக்சியில் அதே மிதி டீசல் பம்பின் நெம்புகோலை அசைக்கும். காலுக்கும் என்ஜினுக்கும் நடுவே இரும்பைத் தவிர வேறு எதுவும் கிடையாது. டீசல் அம்பாசடரின் சக்தி குறைவுதான். ஆனாலும் இருக்கிற சக்தியைக் கேட்ட உடனே கொடுத்தது. மல்லிக் பஜாரின் உதிரிபாகக் கடைகளை நம்பிப் பிழைத்த டிரைவர்களுக்கு, கார் சோம்பலாகக் கிளம்பினால் என்ன செய்வதென்று தெரியும். கம்பியின் தொய்வை இழுத்துக் கட்டுவார்கள். காசு செலவில்லை.

புதிய கார்களில் இழுத்துக் கட்ட கம்பியே இல்லை. பெடலின் அடியில் இருப்பது ஒரு சென்ஸார். கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அது மின் அழுத்தமாக மாற்றி, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. என்ஜின் வேகம், கியர், வெப்பநிலை, சக்கரம் வழுக்குகிறதா என்றெல்லாம் பார்த்த பிறகு, எவ்வளவு திறப்பது என்பதை கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. பிறகு ஒரு சின்ன மோட்டார் தகட்டைத் திருப்புகிறது. டீசல் காரில் அதற்கேற்ப எரிபொருள் அளவு மாறுகிறது. 1980களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூவின் 7 வரிசைக் கார்களில் அறிமுகமான இந்த ஏற்பாடு, இன்று சாதாரணக் குடும்பக் கார்வரை இறங்கிவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், முன்பு கால் ஆணையிட்டது. இப்போது மனு கொடுக்கிறது.

கம்ப்யூட்டர் ஏன் மனுவைத் தாமதமாகப் பரிசீலிக்கிறது? பெரும்பாலும் வேண்டுமென்றேதான். காற்று திடீரென்று உள்ளே பாய்ந்தால் எரிபொருள் கலவை தடுமாறும், புகை விஷமாகும். மாசு விதிகள் இறுக இறுக, அந்தத் தடுமாற்றத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. கொல்கத்தா உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 அமலானது. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் ஸ்டேஜ் 6 வந்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஆய்வுக்கூடத்தில் மட்டுமின்றி நிஜமான சாலையில் ஓடும்போதும் கார் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. இதோடு மைலேஜ் கணக்கும் இருக்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் கேட்கும் நாட்டில், பெடலின் முதல் பாதியைச் சாதுவாக வைப்பது நிறுவனங்களுக்கு லாபம். கிளட்ச், கியர் ஆகியவற்றின் மீது அதிர்ச்சி விழாமல் காப்பதும் ஒரு காரணம்.

பெட்டியின் வேலை இப்போது எளிதாகப் புரியும். பெடல் சென்ஸாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே அது உட்கார்ந்துகொள்கிறது. கால் 20 சதவிகிதம் இறங்கியிருக்கிறது என்று சென்ஸார் சொன்னால், பெட்டி அதை 40 என்று மாற்றிச் சொல்கிறது. கம்ப்யூட்டரும் நம்பி, 40க்கு உரியதைக் கொடுக்கிறது. 'ஸ்போர்ட்' என்ற நிலையில் வைத்தால் பொய் பெரிதாகும். 'எக்கோ' என்று வைத்தால் தலைகீழ்: 20ஐ 15 என்று குறைத்துச் சொல்லும். ஆனால் கால் முழுவதும் இறங்கினால் 100 சதவிகிதம்; அதற்கு மேல் சொல்லப் பொய் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் விளம்பரங்களின் சாயம் வெளுக்கிறது. முழுதாக மிதித்துக் காரை ஓட்டி, நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்தை அளந்தால், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே விடைதான் வரும். குதிரைசக்தி ஒன்றுகூட ஏறுவதில்லை. 'தாமதத்தை நீக்குகிறது' என்ற வாசகமும் பாதி உண்மைதான். பெட்டி இருப்பது கம்ப்யூட்டருக்கு முன்னால். காரைக் குலுங்காமல் வைக்க உள்ளே எழுதப்பட்டிருக்கும் நிதானம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. வாசலில் நின்று எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் உள்ளே ஃபைல் நகரும் முறை மாறுவதில்லை. கேட்பது கூடுவதால் கிடைப்பதும் கூடுகிறது. வேகம் வந்துவிட்டதுபோலத் தோன்றுகிறது. நம்பாதவர்கள் பெட்டியை அணைத்துவிட்டு, பெடலை ஒரு விரல்கடை கூடுதலாக மிதித்துப் பார்க்கலாம். அதே துள்ளல் கிடைக்கும், இலவசமாக.

அப்படியென்றால் வாங்கியவர்களெல்லாம் ஏமாந்தவர்களா? அவ்வளவு கடுமையாகச் சொல்லத் தேவையில்லை. காரை ஓட்டுவது என்பது அளவுகோல் சமாசாரம் மட்டுமல்ல. மிதித்தால் காலடியில் உயிர் இருப்பதாகத் தோன்றுவது ஓட்டுகிறவருக்குத் திருப்தி. கார் நிறுவனங்களே இதே சரக்கைத்தான் ஸ்போர்ட் மோடு என்று விற்கின்றன. 2017ல் வந்த டாடா நெக்ஸானில் எக்கோ, சிட்டி, ஸ்போர்ட் என மூன்று நிலைகள் இருந்தன. ஆனால் தொழிற்சாலையில் வைக்கும் ஸ்போர்ட் நிலையில் என்ஜினின் நடத்தையையும், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறும் தருணத்தையும் சேர்த்தே மாற்ற முடியும். வெளியிலிருந்து வரும் பெட்டிக்கு அந்த உரிமை கிடையாது. அத்தகைய நிலைகள் ஏற்கெனவே இருக்கும் காரில் பெட்டி மாட்டுவது, குடைக்குள் குடை பிடிப்பது போலத்தான்.

பலருடைய புகாருக்குக் காரணமே பெடல் அல்ல என்பது இன்னொரு வேடிக்கை. சின்ன டர்போ என்ஜின்களில், டர்போ சுழன்று காற்றை அழுத்தத் தொடங்கும்வரை என்ஜின் தூங்கும். 2014ல் மாருதி செலேரியோ பிரபலப்படுத்திய ஏஎம்டி வகையில், இயந்திரமே கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலை ஒருமுறை முன்னே ஆடும். பெட்டியால் டர்போவை எழுப்பவும் முடியாது, ஏஎம்டியின் கியர் மாற்றத்தை அவசரப்படுத்தவும் முடியாது. அடைபட்ட ஏர் ஃபில்டர், தேய்ந்த கிளட்ச், காற்றுக் குறைந்த டயர் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கவனித்தாலே சில கார்களுக்கு உயிர் வந்துவிடும். மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியோடு முடிந்துவிடும் விஷயம்.

கொல்கத்தாவுக்கு வருவோம். டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்த நகரத்தில் பத்து கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 33 வினாடி ஆகிறது. பெங்களூரையே பின்னுக்குத் தள்ளிய சாதனை. மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். இந்த வேகத்தில் ஓடும் கார், பெடலின் முதல் கால்பகுதியைத் தாண்டுவது அபூர்வம். பெட்டி தன் ஜாலத்தையெல்லாம் காட்டுவது அந்தக் கால்பகுதியில்தான். அதனால்தான் கொல்கத்தாவில் வித்தியாசம் சட்டென்று தெரிகிறது.

ஆபத்தும் அங்கேதான். படாபஜாரில் மூட்டை சுமப்பவர்களுக்கும் கைரிக்‌ஷாவுக்கும் நடுவே ஊர்ந்து போக, தமிழர்களுக்குப் பழக்கமான லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்துகளில் பின்பக்கமாகக் காரை நிறுத்த, டிரைவருக்கு வேண்டியது துள்ளல் அல்ல, நுணுக்கம். பாதி மிதியில் கிடைக்க வேண்டியதை கால்வாசி மிதியில் திணித்தால், பெடலின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் இரண்டு மடங்கு பேசும். பள்ளத்தில் கார் இறங்கும்போது கால் நடுங்கினாலும் கார் பாயும். வீட்டில் இரண்டு பேர் ஓட்டும் காரில், ஒருவர் ஸ்போர்ட்டில் வைத்துவிட்டுப் போனதை அறியாமல் மற்றவர் காலை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஊர் நெரிசலுக்கு உண்மையில் உதவக்கூடியது, அதிகம் பேர் திரும்பிக்கூடப் பார்க்காத அந்த எக்கோ நிலைதான். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கு அது நல்ல துணை. நகரத்தைத் தாண்டி, துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேயில் லாரியை முந்தும்போதோ எந்தப் பெட்டியும் தேவைப்படாது. அங்கே கால் தானாகவே தரையைத் தொடும்.

பாதுகாப்புப் பற்றிய ஒரு கவலையும் உண்டு. பெடலில் ஒரு சென்ஸார் அல்ல, இரண்டு இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு மின் அழுத்தத்தில் ஒரே செய்தியைச் சொல்லும். பல கார்களில் ஒன்றின் அளவு மற்றதில் பாதி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ கோளாறு என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டி, என்ஜின் சக்தியை ஒடுக்கிவிடும். அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தாமாகவே பாய்ந்ததாகப் புகார்கள் குவிந்தபோது, நாஸா பொறியாளர்களும் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்தார்கள். கார்களை அபாயகரமாகப் பாயவைக்கும் மின்னணுக் கோளாறு எதையும் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மேலேறி மாட்டிக்கொண்ட தரைவிரிப்பும், இறுகி நின்றுவிடும் பெடலும்தான் கண்டறியப்பட்ட காரணங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒக்லஹோமா நீதிமன்றத்தில் ஜூரிகள், ஒரு வழக்கில் டொயோட்டாவுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார்கள். விவாதம் தீர்ந்தபாடில்லை. இத்தனை சர்ச்சைக்குள்ளான சங்கிலியின் நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் புகுந்து, இரண்டு சென்ஸார்களின் பேச்சையும் ஒரே விகிதத்தில் மாற்றிச் சொல்கிறார். பெயருள்ள நிறுவனங்கள் இதைக் கவனமாகச் செய்யலாம். பெயரில்லாத மலிவுப் பெட்டி மழைக்கால ஈரத்தில் என்ன செய்யும் என்பதற்கு யார் பொறுப்பு?

சட்டம் இதில் அதிகம் தலையிடுவதில்லை. பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கு முரணாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உறுதியாகச் சொன்னது. பெட்டி என்ஜினின் கொள்ளளவையோ காரின் உருவத்தையோ தொடுவதில்லை. வாரண்டி அப்படியல்ல. வெளியார் மாட்டிய மின்சாதனத்தால் வரும் பழுதுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்பது கார் நிறுவனங்களின் வழக்கமான நிபந்தனை. இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் கூடுதல் மின்சாதனங்களைத் தனியே தெரிவிக்க வேண்டும். எத்தனை பேர் தெரிவிக்கிறார்கள் என்பது ஊகத்துக்குரியது.

மஞ்சள் டாக்சிகளுக்கோ இந்தக் கவலை எதுவும் இல்லை. 15 ஆண்டு கடந்த வர்த்தக வாகனங்கள் கொல்கத்தா பெருநகரில் ஓடக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008ல் பிறப்பித்த உத்தரவு, 2009 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆலை மூடிய 2014ல் வாங்கிய கடைசி டாக்சிகளின் கெடுவும் நெருங்குகிறது. அதுவரை, பச்சை விழுந்தால் முதலில் கிளம்புவது அவைதான்.