பரண்மேல் ஒரு பிரசவம்

வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேளாமல் குடிபுகுந்து, முன்பணம் கொடாமல் நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, அங்கேயே பிரசவமும் ஆவதற்குத் துணிந்த ஜீவன் பூனை ஒன்றுதான். மடித்து வைத்த பட்டுப் புடவையின் மேலோ, பரண்மேல் கிடக்கும் பழம்பாய்ச் சுருளுக்குள்ளோ, அடுக்குமாடி வீடானால் சலவை இயந்திரத்தின் பின்புறத்திலோ, ஒருநாள் காலையில் ஊசிபோன்ற கீச்சுக்குரல்கள் கேட்கும். உடனே வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "கோணியில் போட்டு எங்கேயாவது விட்டு வாருங்கள்" என்பது ஒரு கட்சி. "ஐயோ பாவம், கொஞ்சம் பால் கொடுங்கள்" என்பது மற்றொரு கட்சி. முதற் கட்சியின் கொடுமை எல்லோருக்கும் தெரிகிறது. இரண்டாங் கட்சியின் அன்பினால் மாண்டுபோகும் குட்டிகளைக் கணக்கெடுப்பார் இல்லை. ஆகவே அந்த அன்பைக் குறித்தே இங்கு அதிகமாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூனையின் கர்ப்பகாலம் சுமார் ஒன்பது வாரம். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகள். பிறந்தவுடன் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். கண் திறந்திராது, காதும் அடைத்திருக்கும். இவற்றைவிட முக்கியமான விஷயம், தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள அதற்குச் சக்தியில்லை என்பதாகும். குளிர்ந்தால் நமக்கு உடல் நடுங்கிச் சூடு உண்டாகிறது. முதல் வாரத்துக் குட்டிக்கு அந்த நடுக்கமும் வராது. மலஜலம் கழிப்பதுகூடத் தானாய் நடவாது; தாய் நாவினால் நக்கிவிட்டால்தான் உண்டு. சீம்பாலில் இருக்கும் நோயெதிர்ப்புச் சக்தியையோ குட்டியின் குடல் முதல் நாளில் மட்டுமே உள்ளபடி ஏற்றுக்கொள்கிறது. மறுநாள் அந்த வாயில் அடைபட்டுவிடும். இத்தனையையும் தாய் ஒருத்தியே செய்கிறாள். நாம் செய்யத்தக்கது அவளுக்கு இடைஞ்சல் செய்யாதிருப்பதும், அவளுக்கு வயிறார உணவிடுவதுமே.

பிரசவ சமயத்தில் கைவைக்காமல் எட்ட இருந்து கவனித்தால் போதும். கொடியைத் தாயே கடித்துத் துண்டிக்கும், நஞ்சையும் தின்றுவிடும். அதைக் கண்டு அருவருத்துப் பிடுங்கலாகாது. ஆனால் அரைமணி நேரம் ஓயாமல் முக்கியும் குட்டி வெளிவராவிட்டால் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும்.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லலாம். ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிய அட்டைப்பெட்டி, அதனுள் நூல் பிரியாத பழைய வேஷ்டித் துண்டு, ஜனநடமாட்டமில்லாத அரையிருட்டான மூலை. இதற்குமேல் மாளிகை வேண்டியதில்லை. நம் ஊரில் பெரிய சத்துரு எறும்பு. ஈரம் உலராத குட்டியை எறும்பு மொய்த்துக் கொன்றுவிடும். பெட்டியைத் தாழ்ந்த பெஞ்சியொன்றின்மேல் வைத்து, அதன் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது நம் பாட்டிமார் தயிர்ச் சட்டியைக் காப்பாற்றிய அதே யுக்திதான். சுத்தமாயிருக்கட்டும் என்று பெட்டியைச் சுற்றிப் பினாயில் தெளிப்பவர்கள் உண்டு. பினாயில் பூனைக்கு விஷம். காலில் பட்டதை நக்கினாலே போதும். வெந்நீரும் சோப்பும் கொண்டு துடைத்தால் சுத்தத்துக்கு ஒரு குறையும் வராது.

பூனை ஏழு இடம் மாறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏழு என்பதற்கு ஆதாரம் தேட வேண்டாம். வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் மிகுந்தால், தாய் குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு வேறிடம் தேடுவது வாஸ்தவம். மனிதர் கைபட்டால் குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது மட்டும், பழகிய பூனையின் விஷயத்தில் பெரும்பாலும் வீண் பயம்.

இனி உணவு. நம்மவர்களுக்குப் பூனை என்றாலே பால் என்ற எண்ணம். பாலும் தயிர்சாதமும் போட்டுவிட்டால் தர்மம் பூர்த்தியாகிவிட்டதாக நினைக்கிறோம். பூனை பிறவியிலேயே மாமிசபட்சணி. டாரின் என்றொரு சத்து அதற்கு இன்றியமையாதது. அது மாமிசத்தில் உண்டு, சோற்றிலும் பருப்பிலும் இல்லை. அது குறைந்தால் பூனைக்குப் பார்வை கெடும் என்பதை 1975-லும், இருதயம் பழுதாகும் என்பதை 1987-லும் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். கர்ப்பிணிக்கு அது குறைந்தால் குட்டிகள் செத்தும் ஊனமாயும் பிறக்கின்றன. பாலூட்டும் தாய்க்கோ வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகாரம் தேவை. உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய மீன், கோழிக்கறி, வெந்த முட்டை இவை நல்லவை. குழம்பு மீன் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். சைவ வீடுகளில் இது தர்மசங்கடந்தான். பூனையின் ஆசாரம் அதன் குடலில் எழுதியிருக்கிறது. நம் ஆசாரத்துக்கு அதை மாற்ற முடியாது. பூனைக்கென்று பொட்டலமாய் விற்கும் தீனியை வாங்கினால், சமையலறைக்கும் பங்கமில்லை, பூனைக்கும் பட்டினியில்லை. பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். தாய்க்கு உடம்பு சுட்டால், நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துணுக்குகூடக் கொடுக்கலாகாது. அது பூனையின் உயிரைக் குடித்துவிடும்.

தாயைக் காணோமே என்று பதறி, குட்டிகளை எடுத்துப் பசும்பால் புகட்டுவதே நான் முதலில் சொன்ன அன்பின் உச்சம். தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகள் வயிறு உருண்டு மௌனமாய்த் தூங்கினால் அவள் வந்துபோகிறாள் என்று அர்த்தம். சில மணி நேரம் மறைந்திருந்து பாருங்கள். ஓயாமல் கத்தி, வயிறு ஒட்டி, தொட்டால் குளிர்ந்திருந்தால் அப்போதுதான் நம் உதவி தேவை. அப்பொழுதும் முதலில் சூடு, பிறகே உணவு. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரியாது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, உடம்பு மெல்லச் சூடேறிய பின்னரே புகட்ட வேண்டும். பசும்பாலில் பூனைப்பாலின் புரதமும் கொழுப்பும் இல்லை. அதிலுள்ள சர்க்கரை குட்டிக்குப் பேதியை உண்டாக்கி ஓரிரு நாளில் உலர்த்திவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே உள்ள பால்பொடியைக் கால்நடை மருந்துக் கடையில் வாங்கலாம். முதல் வாரத்தில் இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் கொடுக்க வேண்டியிருக்கும். கைக்குழந்தையைப்போல் மல்லாத்திப் புகட்டினால் பால் சுவாசப்பையில் புகுந்துவிடும். குப்புற வைத்தே ஊட்டுங்கள். ஊட்டிய பிறகு, தாயின் நாக்குக்குப் பதிலாக ஈரப்பஞ்சினால் அடிவயிற்றின் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் பெரிய ஏமாற்றமாய்த் தோன்றும். அவர்கள் இரண்டு வாரம் பொறுக்கட்டும். இரண்டாம் வாரத்துக்குள் கண் திறக்கும். அதிலிருந்து ஏழாம் வாரம்வரை தினமும் சிறிது நேரம் மனிதர் கையில் இருந்து பழகிய குட்டிதான் பிற்காலத்தில் சாதுவாகும். நகம் கீறினாலும் பல் பட்டாலும் அந்த இடத்தைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெறிநோய் விஷயத்தில் தாட்சணியம் கிடையாது.

நான்காம் வாரத்தில் குட்டிகள் தாயின் தட்டில் வாய்வைக்கத் தொடங்கும். எட்டு வாரம் ஆவதற்குமுன் தாயை விட்டுப் பிரிக்க வேண்டாம். பன்னிரண்டு வாரமானால் இன்னும் நல்லது. ஆனால் தாய், பாலூட்டும்போதே மறுபடி கர்ப்பமாகக் கூடியவள். குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடைச் சிகிச்சை செய்துவிடாவிட்டால், அடுத்த கோணிக்கு ஆள் தயாராகிவிடும். கோணியில் கட்டிச் சந்தையிலே விட்டு வருவது வெறும் பாவம் மாத்திரமல்ல. பட்டினியால் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்குகிற தெருவிலேயே சுதேசிக் குட்டிகள் கோணியேறுவது விசித்திரந்தான். நம் வெயிலுக்கு ஏற்ற குட்டை மயிர்கொண்ட நாட்டுக் குட்டிக்கு வீடு தேட, அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் வாய்விட்டுக் கேட்டாலே பாதி வேலை முடியும். கூடுமானால் இரண்டாகச் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றுக்கொன்று துணையாய் விளையாடும். வாங்கிப் போகிறவர் வாசற்படியில் நின்று, "பால் ஊற்றினால் போதுமல்லவா?" என்று நிச்சயம் கேட்பார். அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, டாரின் சமாசாரத்தைச் சாவகாசமாய்ச் சொல்லி அனுப்புங்கள்.