கணிப்பொறிக் கூட்டத்திற்குப் பெயரிடல்

பெயர்ச்சொற்கள் இடுகுறி, காரணம் என இரு வகைப்படும் என்பது நன்னூல் கற்றார் யாவரும் அறிந்ததே. மக்கட்கும் ஊர்கட்கும் இடுகுறியாகப் பெயர் அமைவதனால் கேடொன்றும் விளைவதில்லை. கணிப்பொறிக் கூட்டம் ஒன்றிற்கு ஆராயாது இட்ட பெயரோ, பல ஆண்டுகள் கழிந்தபின் வீட்டு இரகசியங்களை அயலார் வாயிலிற் கொண்டுபோய்க் கொட்டிய வரலாறு உண்டு. அதனை விளக்குமுன், அப்பெயர் எற்றுக்கு என்பதைச் சிறிது கூறுதும்.

ஒரு கலாசாலையில் நூறு கணிப்பொறிகள் இருப்பின், எவர் எதனைத் திறக்கலாம், எவருடைய கடவுச்சொல் செல்லும் என்பனவற்றை ஒவ்வொரு பொறியிலும் தனித்தனியே பதிந்துவைத்தல் பெருந்தொல்லை. இவற்றை ஓரிடத்தே தொகுத்துவைத்து, கேட்கும் பொறிகட்கு விடையிறுப்பதே அடைவு சர்வர். மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 சர்வருடன் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி இவ்வகையிற் பெரிதும் வழங்குவது. அதனை நிறுவுங்கால், கூட்டத்திற்கு ஒரு டொமைன் பெயர் கூறுக என அது வினவும். அப்பெயர் 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பார் வகுத்த டி.என்.எஸ். என்னும் இணையப் பெயர்முறைக்கு உட்பட்டது. அம்முறையிற் பெயர்கள் அஞ்சல் விலாசம் போலச் சிற்றெல்லையிற் றொடங்கிப் பேரெல்லையில் முடியும். இடையே புள்ளிகள் நிற்கும்.

இனி அவ்வரலாறு. ஆக்டிவ் டைரக்டரியின் தொடக்க காலத்தில் ‘கார்ப்’ என்னும் ஒற்றைச் சொல் மாதிரிப் பெயராக வழங்கிற்று. நிருவாகிகள் பலர் அதனையே மாற்றாது கொண்டனர். அலுவலகத்தினுள் அதனால் தீங்கில்லை. ஆண்டுள்ள சர்வர் விடை கூறும். மடிக்கணினியுடன் ஒருவர் காப்பிக்கடைக்குச் சென்றமர்ந்தால், அப்பொறி பழக்கத்தால் ‘கார்ப் எங்கே?’ என வினவும். விடை பெறாதவழிப் பெயரை நீட்டிக்கொண்டு ‘கார்ப் டாட் காம்’ என்னும் பொது விலாசத்தின் கதவைத் தட்டவுங் கூடும். அவ்விலாசமோ 1994 முதல் தனி மனிதர் ஒருவர் வசம் இருந்தது. 2019-இல் நிகழ்ந்த ஒரு சோதனையில் 3,75,000-க்கு மேற்பட்ட பொறிகள் பிறர்க்கு உரைக்கத்தகாத செய்திகளை அவ்விடத்திற்கு அனுப்ப முயன்றமை புலனாயிற்று. தீயோர் கைப்பட்டிருப்பின் என்னாம்! 2020-ஆம் ஆண்டு ஏப்பிரலில் மைக்ரோசாப்ட் கம்பெனியாரே அதனை விலைக்கு வாங்கிக்கொண்டனர்.

இவ்விடர்க்கு அஞ்சி, இணையத்தில் இல்லாத ‘டாட் லோக்கல்’ என்னும் இறுதியைப் பலர் மேற்கொண்டனர். அதுவும் நிலைக்கவில்லை. சர்வர் இன்றியே அண்டைப் பொறிகள் ஒன்றையொன்று விளித்தறியும் முறைக்கென 2013-இல் அவ்விறுதி ஒதுக்கப்பட்டது. ஆப்பிள் பொறிகள் அதற்கு முன்னரே அவ்வாறு வழங்கிவந்தன. மேலும், ஒருவர்க்கும் உரித்தல்லாத பெயரை எவரும் தமது என்னலாமாதலின், 2015 நவம்பர் 1-ஆம் நாளுக்குப் பின் செல்லுமாறு இத்தகைய உட்பெயர்கட்குச் சான்றிதழ் அளிப்பதைப் பொதுச் சான்றிதழ் வழங்குவோர் நிறுத்தினர்.

ஆயின் கலாசாலையின் இணையத்தளப் பெயரையே உள்ளேயும் இடலாகாதோ எனின், இடலாம். தொல்லை வேறு வடிவில் வரும். உள்ளிருக்கும் சர்வர் அப்பெயர்க்குத் தானே முழு அதிகாரி என எண்ணும். வெளியே வேறிடத்திலுள்ள தளத்தின் விலாசம் அதன் ஏட்டில் இல்லையாயின், ‘அங்ஙனம் ஒன்றில்லை’ எனத் துணிந்து கூறிவிடும். உலகத்தார் அனைவரும் காணும் கலாசாலைத் தளத்தை, கலாசாலைக்குள் இருப்பார் மட்டும் காணமாட்டார்! இதனைத் தவிர்க்க, வெளியேட்டின் பதிவுகளை உள்ளேட்டிலும் கையால் எழுதி, மாறுந்தோறும் இரண்டையும் திருத்திவர வேண்டும். திருத்துவார் விடுமுறையிற் சென்ற நாளிலேயே விலாசம் மாறும் என்பது உலகியல்.

ஆதலின், பதிவுபெற்ற பெயரின் முன் ‘ஏடி’ போன்ற சிறுசொல் ஒன்றைச் சேர்த்துக் கிளைப்பெயராக்குவதே எமக்குச் சிறந்ததாகத் தோன்றுகின்றது. பெயர் நமக்கே உரியது, சான்றிதழும் கிட்டும், இணையத்தளத்தோடு மோதாது. ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பித்தல் மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். 2024 ஜூலையில் ஐகேன் அமைப்பார் ‘டாட் இன்டர்னல்’ என்பதைத் தனி வலைகட்கென ஒதுக்கினர். அதுவும் தகும், எனினும் பொதுச் சான்றிதழ் அதற்கில்லை.

ஒரு துறையின் பெயரையோ, பொறியின் பதிப்பெண்ணையோ இதில் நுழைத்தலாகாது, அவை மாறுவன. விண்டோஸ் சர்வர் 2003 முதல் பெயரை மாற்றும் வழியுண்டெனினும், கூட்டத்திலுள்ள பொறி ஒவ்வொன்றும் இருமுறை நிறுத்தித் தொடங்கப்படல் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்னும் அஞ்சல் சர்வரின் பிற்காலப் பதிப்புகள் உள்ளவிடத்து அவ்வழியும் அடைபட்டதே. நெட்பயாஸ் எனப்படும் குறும்பெயரும் உடன் கேட்கப்படும். அது 15 எழுத்தைக் கடத்தலாகாது. தமிழ் எழுத்தாலாய இணையப் பெயர்கள் இன்று உளவாயினும், ஈண்டு ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறு கோடுமே பழைய மென்பொருள்களோடு இடர்ப்படாமற் செல்லும்.