யந்திரம் யார் கையில்?

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினர் கல்வி வகுப்பு நடத்தச் சென்றிருந்தோம். “யந்திரமும் சமூகமும்” என்பது அன்றைய பொருள். நாம் பேசத் தொடங்குமுன்பே இளைஞர் ஒருவர் எழுந்து, “ஐயா, நான் பல நாள் நெய்யும் சேலையைப் போன்ற ஒன்றை விசைத்தறி சில மணி நேரத்தில் நெய்து தள்ளுகிறது. அதையே கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள். நான் தறியை விற்றுவிடலாமா?” என்று வினவினார்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. இதே வினா முன்னரே எழுந்த நாட்டின் வரலாற்றை எடுத்துரைத்தோம்.

1811-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னும் தொழிலாளர் இரவு நேரங்களில் யந்திரங்களை உடைத்தனர். ‘லட்டைட்டுகள்’ என்று பெயர் பெற்ற இவர்களை யந்திரத்தின் பகைவர் என்று சொல்வது வழக்கம். ஆனால் 1589-இல் வில்லியம் லீ அமைத்த பின்னல் யந்திரமே இரு நூற்றாண்டுகளாக அவர்களுக்குச் சோறிட்டு வந்தது. அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்த மட்டச் சரக்கை விற்றதும், தொழில் பயிலாதவரை அமர்த்திக் கூலியைக் குறைத்ததுமே அவர்களது மனக்குறை. 1812-இல் யந்திரத்தை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசியும் பயனில்லை. 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

கார்ட்ரைட் 1785-இல் உரிமை பெற்ற விசைத்தறி பின்னர் செம்மையுற்றுப் பரவியது. 1820-ஐ ஒட்டிச் சுமார் 2,40,000 என மதிப்பிடப்படும் பிரிட்டனின் பருத்திக் கைத்தறி நெசவாளர் தொகை, 1850-க்குள் 50,000-க்கும் கீழே இறங்கிற்று.

அந்த வறுமைக் காலத்திலேதான் ராச்டேல் நகரில், நெசவாளர் பலரும் பிற தொழிலாளரும் சேர்ந்து 28 பவுன் மூலதனம் திரட்டினர். 1844 டிசம்பர் 21 அன்று மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பொருள்களுடன் சிறு கடை திறந்தனர். கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ஆளுக்கொரு வாக்கு, கொள்முதலுக்கேற்ற லாப ஈவு ஆகியவை அவர்களது விதிகள்.

இதுவரை நம் சங்கங்களில் பலரும் அறிந்ததே. இதன் பின்கதைதான் அதிகம் பேசப்படுவதில்லை. 1854-இல் அவர்கள் பஞ்சாலைக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். லாபத்தில் உழைப்போருக்கும் பங்கு என்பது அதன் கொள்கை. சங்கம் செழித்தது, லாபம் நாடிப் புதுப் பங்குதாரர் பலர் சேர்ந்தனர். 1862-இல் அவர்களது வாக்குகளாலேயே உழைப்போரின் பங்கு ஒழிக்கப்பட்டது. யந்திரம் சங்கத்தின் கையில்தான் இருந்தது. சங்கம் யார் கையில் இருந்தது என்பதே கேள்வி.

இதைக் கேட்ட முதிய நெசவாளர் ஒருவர், “தம்பி, தறியை விற்பது இருக்கட்டும். சென்ற பொதுக்குழுவுக்கு நீ வந்தாயா?” என்றார். இளைஞர் மௌனமானார். நாம் தணிக்கை செய்த வருகைப் பதிவேட்டில் அன்றைய கையொப்பங்கள் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பியிருக்கவில்லை. அக்குறை அவர் ஒருவருடையது அன்று. ஆண்டுதோறும் அப்பதிவேட்டில் ‘சரி’ என்று குறியிட்டு வந்த நமக்கும் அதில் பங்குண்டு.

கூட்டுறவு எல்லாத் தறிகளையும் காத்துவிடும் என்று நாம் வாக்களிக்க முடியாது. ஆயினும், சேலை, வேட்டி உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் குறித்த இலக்கணங்களுடன் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது மீறப்படும்போது தனி நெசவாளரின் முறையீட்டைவிடச் சங்கத்தின் தீர்மானத்திற்கு வலிமை அதிகம்.

விடைபெறும்போது அவ்விளைஞர், “அடுத்த பொதுக்குழு எப்போது?” என்று செயலாளரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கத்தினர் தத்தம் வகுப்பில் பின்வருவனவற்றை ஆராய்வார்களாக:

1. நம் தொழிலைக் கெடுப்பது யந்திரமா, போலிச் சரக்கா?

2. அறுவடை யந்திரத்தைச் சங்கமே வாங்கி வாடகைக்கு விட்டால், விவசாயிக்கு மிஞ்சுவது எவ்வளவு? வேலை இழக்கும் கூலியாளுக்கு நாம் செய்யக் கடவது யாது?

3. சென்ற பொதுக்குழுவில் நம்மில் எத்தனை பேர் இருந்தோம்?