விதியல்ல, விதிமீறல்!

"அவன் விதி முடிந்தது!"

கட்டட வேலைத்தளத்தில் உழைப்பாளி ஒருவன் வண்டிச் சக்கரத்தில் சிக்கி மாண்டான் என்றதும் மேஸ்திரியும் முதலாளியும் ஒருசேர உச்சரிக்கும் மந்திரம் இது. பிணத்தின்மீது ஒரு மாலை. குடும்பத்தின் கையில் சில நோட்டுகள். மறுநாள் காலை அதே வண்டி, அதே இடத்தில், அதே வேகத்தில்! விதி என்று சொல்லிவிட்டால் விசாரணை ஏது, வினா ஏது?

நாம் கேட்கிறோம்: எந்த விதி? தலையில் எழுதியதாகக் கதைக்கப்படும் விதியா, அரசிதழில் அச்சிடப்பட்ட விதியா?

1996ஆம் ஆண்டு கட்டடத் தொழிலாளர்களுக்கென்றே சட்டம் வந்தது. 1998ல் அதன்கீழ் ஒன்றிய அரசின் விதிகள் வந்தன. மண் அள்ளும் பொறிக்கும் வண்டிக்கும் பின்விளக்கு வேண்டும், கைப்பிரேக் வேண்டும், பின்னோக்கி நகரும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணி வேண்டும் என்றன அவை. பாரம் தூக்கும் பொறி எவ்வளவு தாங்கும் என்பதை அதன்மீதே பொறிக்கச் சொல்லின. 2020ல் நாடாளுமன்றம் பல சட்டங்களை ஒன்றாக்கித் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு ஒன்றையும் நிறைவேற்றியது. ஏட்டிலே பஞ்சமில்லை. மணிதான் ஒலிக்கவில்லை!

ஆயுத பூசை நாளில் பாருங்கள். பொக்லைனுக்குச் சந்தனம், டிப்பருக்குக் குங்குமம், நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம்! ஆண்டுக்கு ஒருநாள் பழத்தின்மீது ஏறும் சக்கரம் மற்ற நாளெல்லாம் ஆளின்மீது ஏறாதிருக்க வேண்டுமானால், பரிகாரம் பழமல்ல, பிரேக்!

விபத்து வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்கு வழி உண்டு, வகை உண்டு. டிப்பரின் உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவனுக்கு வண்டியை ஒட்டி நிற்பவர் தெரிவதில்லை. பின்புறமோ அறவே தெரிவதில்லை. அங்கேதான் சித்தாள் குனிந்து ஜல்லி அள்ளுகிறாள். அங்கேதான் உச்சிவெயிலுக்கு அஞ்சிய ஒருவன், நிற்கும் லாரியின் நிழலில் கண்ணயர்கிறான். இளைப்பாற ஒரு கொட்டகை, வண்டிக்குத் தனிவழி, நடப்போருக்குத் தனிவழி, பின்னே நின்று கொடி காட்ட ஒரு ஆள். இவ்வளவுதான் அந்த உயிர்களின் விலை!

கிரேனை எடுத்துக்கொள்வோம். இடுப்பிலே எளிதாகக் குடம் சுமக்கும் பெண்ணிடம், அதே குடத்தைக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை கடுக்கும், குடம் விழும். கிரேனின் கையும் அப்படித்தான். நீள நீள வலு குறையும். 20 டன் கிரேன் என்றால் எட்டிய தொலைவெல்லாம் 20 டன் தூக்கும் என்பது பொருளல்ல. தாங்குகாலின் அடியில் மண் இளகியிருந்தால், குறைந்த பாரமும் அதைச் சாய்த்துவிடும். தொட்டியை உயர்த்தியபடியே டிப்பரை நகர்த்தினால், மேலே மின்கம்பி காத்திருக்கிறது. இதில் எங்கே இருக்கிறான் எமன்?

2020 ஆகஸ்ட் 1ல், விசாகப்பட்டினம் கப்பல்கட்டும் தளத்தில், சோதனையின்போது கிரேன் சாய்ந்து 11 பேர் மாண்டனர். 2023 ஆகஸ்ட் 1ல், தானே மாவட்டம் சாகாப்பூரில், விரைவுச்சாலைப் பாலத்திற்கு உத்தரம் ஏற்றும் பெரும்பொறி சரிந்து 20 பேர் மாண்டனர். சோதிடரைக் கேட்டால் நாள் சரியில்லை என்பார். நாம் சொல்கிறோம்: நாளைப் பார்க்காதீர், ஆணியைப் பாருங்கள்! கோளைப் பார்க்காதீர், கம்பியைப் பாருங்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தளங்களிலே இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வயிற்றுப்பாட்டுக்காக வந்த தோழர்கள் உழைக்கின்றனர். "விலகு, விலகு!" என்று தமிழிலே கத்தினால், அது புரிவதற்குள் சக்கரம் வந்துவிடுகிறது. இந்தி திணிக்கப்படுவதை எதிர்ப்பவர்கள் நாம்; இந்தி பேசும் ஏழையை அல்ல. எச்சரிக்கைப் பலகை அவன் மொழியிலும் இருக்கட்டும். எல்லோரும் அறிந்த கைச்சைகை இருக்கட்டும். அதைக் காட்டுபவன் ஒருவனாக இருக்கட்டும். உயிரைக் காக்கும் சொல், உயிருக்கு உரியவனுக்குப் புரிய வேண்டாமா?

விபத்து நடந்தால் முதல் வழக்கு ஓட்டுநர் மீது! பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் முறையிட்டபோது, "இன்றைக்கு ஓட்டு, நாளைக்குப் பார்க்கலாம்" என்றவர் மீது வழக்கு உண்டா?

நாம் கேட்பது சலுகையல்ல. நாள்தோறும் வேலை தொடங்குமுன் பிரேக்கும் டயரும் மணியும் கண்ணாடியும் சோதிக்கப்பட வேண்டும். பயிற்சி பெற்றவன் கையில் மட்டுமே சாவி இருக்க வேண்டும். பழுதான பொறியை ஓட்ட மறுப்பவனின் கூலியில் கை வைக்கக் கூடாது. ஆய்வாளர் பிணம் விழுந்தபின் வரும் விருந்தாளியாக இருக்கக் கூடாது.

மாடிகள் எழட்டும், பாலங்கள் நீளட்டும். வேண்டாம் என்பார் யார்? அவற்றை எழுப்பியவன் மாலையில் உயிரோடு வீடு திரும்பட்டும் என்கிறோம்.

தோழர்களே! தலையெழுத்து என்று அழுதது போதும். அச்செழுத்திலே இருக்கிறது நம் உரிமை. அதைக் காட்டிக் கேளுங்கள்!