எக்ஸ்ரே எடுப்பவர் ஏன் ஒதுங்கி நிற்கிறார்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா?

அங்கே ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். எக்ஸ்ரே எடுப்பவர் நம்மை மேஜையில் படுக்க வைப்பார். "அசையாதீங்க" என்பார். உடனே தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். அங்கிருந்துதான் பொத்தானை அழுத்துவார்.

"நம்மை மாட்டிவிட்டு இவர் தப்பித்துக்கொள்கிறாரே!" என்று தோன்றும். அப்படி அல்ல. நமக்கு எப்போதோ ஒரு எக்ஸ்ரே. அதில் உடம்பில் படும் கதிர் மிகக் குறைவு. அவருக்கோ தினமும் இதே வேலை. பக்கத்திலேயே நின்றால், சிறுகச் சிறுகக் கெடுதல் சேர்ந்துவிடும்.

மணமும் இல்லை, சூடும் இல்லை

நெருப்பு சுட்டால் கையை எடுத்துவிடுவோம். புகை நாறினால் விலகிவிடுவோம். கதிர்வீச்சை அப்படி அறிய முடியாது. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையாருக்கே அதன் ஆபத்து தெரியவில்லை. ரத்த நோயால் 1934-ல் இறந்தார்.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்ட என்ன வழி? சினிமாதான்! 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்க அணுசக்தி கமிஷன் பல விளக்கப் படங்களை எடுத்தது. நம் நாட்டில் 1948-ல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியது. கொட்டகையில் படம் ஓடும் முன் அதன் செய்திப் படம் ஓடும். பள்ளிக்கூடம் போகாதவர்களும் அதைப் பார்த்துப் பல விஷயம் கற்றார்கள்.

மூன்று விதிகள்

கதிரிலிருந்து தப்ப மூன்று விதிகள் உண்டு.

நேரம்: அருகில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

தூரம்: இரு மடங்கு தள்ளி நின்றால், படும் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறையும்.

தடுப்பு: ஈயத் தகடு, கனத்த கான்கிரீட் சுவர் ஆகியவை கதிரைத் தடுக்கும்.

கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையத் தொழிலாளருக்கும் இதுதான் பாடம். அவர்கள் மார்பில் ஒரு பேட்ஜ் இருக்கும். அதில் உள்ள பொருளைச் சூடாக்கினால் ஒளிரும். அந்த ஒளியை அளந்து, பட்ட கதிரைக் கணக்கிடுவார்கள். ஒருவருக்கு ஐந்து ஆண்டுகளில் 100 மில்லி சீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பேட்ஜ் கணக்குத்தான் வைக்கும், கதிரைத் தடுக்காது. அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலை செய்தால் பயனில்லை.

டில்லியில் நடந்த பரிதாபம்

அணு நிலையத் தொழிலாளருக்குப் பயிற்சி உண்டு. பழைய இரும்பு உடைப்பவருக்கு?

2010-ல் டில்லி மாயாபுரியில், ஆய்வுக்கூடத்தின் பழைய இயந்திரம் ஒன்று இரும்புக் கடைக்கு வந்தது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிர்ப் பொருள் இருந்தது. தொழிலாளர்களுக்கு அது தெரியாது. உடைத்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒருவர் உயிரிழந்தார்.

பாடம் யாருக்கு மிகவும் தேவையோ, அவரிடம்தான் அது போய்ச் சேரவில்லை. இரும்புக் கடைத் தொழிலாளர்களுக்கும் இத்தகைய படங்களைப் போட்டுக் காட்ட வேண்டும். இப்போது கைப்பேசியிலேயே காட்டலாமே!

நினைவில் வையுங்கள்

மஞ்சள் பின்னணியில் நடுவே ஒரு புள்ளி, சுற்றிலும் மூன்று இதழ்கள். இதுதான் கதிர் ஆபத்தின் அடையாளம். 2007-ல் இன்னொரு அடையாளமும் வந்தது. சிவப்பு முக்கோணத்தில் மண்டை ஓடும், ஓடும் மனிதனும் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

இவற்றைக் கண்டால் தொடாதீர்கள். தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.